யுவைடிஸ் வந்தவர்களுக்கு: முதல் சிவப்பிலிருந்து நீண்டகாலக் கண்காணிப்பு வரை

கண்ணுக்குள் வரும் அழற்சியான யுவைடிஸோடு நான் சில ஆண்டுகளாக வாழ்கிறேன். முதலில் பார்த்த இடத்தில் சாதாரணக் கண்வலி என்று ஆன்டிபயாடிக் சொட்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சரியான பெயர் தெரிந்த பிறகும் எந்தச் சோதனை எதற்கு, மருந்தை எந்த வேகத்தில் குறைப்பது, எந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துவது என்று ஒவ்வொன்றையும் அலைந்துதான் தெரிந்துகொண்டேன். புதிதாக இந்த நோயோடு வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன். மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று ஆகாது. அவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண் வெளுத்ததையும் வலி போனதையும் வைத்து நோய் அடங்கிவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. கண்ணுக்குள் அழற்சி இன்னும் இருக்கிறதா என்பதை மருத்துவமனையில் ஸ்லிட் லேம்ப் (கண்ணுக்குள் மெல்லிய ஒளிக்கற்றையைச் செலுத்திப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வெளியே தெரியாமல் அழற்சி நீடிக்கும் அந்தக் காலத்திலும் பார்வை கெடலாம்.

1. சாதாரணக் கண்வலியா, இதுவா?

மெட்ராஸ் ஐ வந்தால் பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், அரிக்கும், பெரும்பாலும் இரண்டு கண்ணுக்கும் பரவும். பார்வை அநேகமாகக் கெடாது. முன்பக்க யுவைடிஸ் வேறு மாதிரி. கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவப்பு அடர்ந்திருக்கும். உள்ளுக்குள் ஆழமாக வலிக்கும். வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாது. கண்ணீர் வரலாம், பீளை இருக்காது. பார்வை மங்கும். கண்ணின் பாப்பா சிறுத்தோ, வட்டம் கோணியோ இருக்கலாம்.

இன்னொரு அடையாளமும் உண்டு. வலிக்கும் கண்ணைக் கையால் நன்றாக மூடிக்கொண்டு நல்ல கண்ணால் வெளிச்சத்தைப் பாருங்கள். மூடிய கண் அப்போதும் வலித்தால் அழற்சி உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கண்ணில் வெளிச்சம் பட்டால் இரண்டு பாப்பாவும் சுருங்கும்; அழற்சி உள்ள கண்ணில் அந்தச் சுருக்கம்தான் வலியாகத் தெரிகிறது.

நடுப்பக்க, பின்பக்க யுவைடிஸில் சிவப்பும் வலியும் இல்லாமலே போகலாம். கண்முன் பூச்சி பறப்பதுபோல் தெரிவது, புகை மூடியதுபோல் மங்குவது, நேர்க்கோடுகள் வளைந்து தெரிவது, நடுவில் ஒரு கரும்புள்ளி நிற்பது போன்றவைதான் அறிகுறி. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடி, ஒரே எழுத்தை ஒரே தூரத்திலிருந்து படித்துப் பாருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மூட்டுவாத நோய் உள்ள குழந்தைகளுக்கு வரும் யுவைடிஸ் பெரும்பாலும் சத்தமே காட்டாது. கண் வெள்ளையாகவே இருக்கும், குழந்தையும் எதுவும் சொல்லாது. மூட்டுவாதம் என்று தெரிந்த நாளிலிருந்தே, புகார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கண்ணைச் சோதிக்க வேண்டும். ஆபத்து அதிகம் உள்ள குழந்தைகளுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம்.

2. எங்கே போவது, எவ்வளவு சீக்கிரம்?

சிவப்பு, வலி, கூச்சம், மங்கல் இவை சேர்ந்து வந்தால் 24 மணி நேரத்துக்குள் கண் மருத்துவரைப் பாருங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டோ கண்ணாடிக் கடையில் செய்யும் பரிசோதனையோ இதற்குப் போதாது. பொது மருத்துவரிடம்தான் முதலில் போக முடியும் என்றால், 'ஸ்லிட் லேம்ப் உள்ள இடத்துக்கு அனுப்புங்கள்' என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தாங்க முடியாத கண்வலியோடு தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் என்று வந்தால் அது கண் அழுத்தம் திடீரென்று ஏறியதாக இருக்கலாம். அதற்கு நாளை வரை காத்திருக்கக் கூடாது, அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பார்வை திடீரென்று திரை விழுந்ததுபோல் மறைந்தாலும் அப்படித்தான்.

நோய் திரும்பத் திரும்ப வந்தாலோ, பின்பக்கத்தில் இருந்தாலோ, மூன்று மாதம் தாண்டியும் அடங்காவிட்டாலோ யுவைடிஸையே தனியாகப் பார்க்கும் நிபுணரிடம் போவது நல்லது. அப்படிப்பட்டவர்களிடம் முன்பதிவு கிடைக்க நாளாகும். பரிந்துரைக் கடிதத்தைச் சீக்கிரமே வாங்கிவிடுங்கள்.

3. முதல் சந்திப்புக்கு எடுத்துப்போக வேண்டியவை

- இதுவரை விட்ட சொட்டுகளின் குப்பிகள், காலியானவையும் சேர்த்து. சீட்டைவிட லேபிள் தெளிவாக இருக்கும்.
- எந்தக் கண், எந்தத் தேதியில் தொடங்கியது, என்ன மருந்துக்கு எப்படி மாறியது என்று அரைப்பக்கக் குறிப்பு.
- சிவப்பு அதிகமாக இருந்த நாளில் எடுத்த கைபேசிப் படம். போகும் நாளில் கண் வெளுத்திருந்தால் இதுதான் சாட்சி.
- பழைய கண்ணாடிச் சீட்டு, பழைய கண் அழுத்த அளவு இருந்தால் அதுவும்.
- மற்ற நோய்களுக்குச் சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகளாலும் யுவைடிஸ் வரும்.

பாப்பாவைப் பெரிதாக்க மருந்து விடுவார்கள். பல மணி நேரம் கிட்டத்தில் படிக்க முடியாது, வெயில் கூசும். கறுப்புக் கண்ணாடி எடுத்துப்போங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

4. பரிசோதனையில் கேட்டு எழுத வேண்டிய நான்கு விவரங்கள்

அறையை இருட்டாக்கி, ஸ்லிட் லேம்பின் ஒளியை ஒரு மில்லிமீட்டர் சதுரத்துக்குச் சுருக்கி, கண்ணின் முன்னறைக்குள் சாய்வாகச் செலுத்துவார் மருத்துவர். அந்த ஒளிக்கற்றைக்குள் வெள்ளை அணுக்கள், சன்னல் வழியே விழும் வெயிலில் தூசி மிதப்பதுபோல் மிதக்கும். அந்தச் சதுரத்துக்குள் எத்தனை தெரிகிறது என்று எண்ணி 0 முதல் 4+ வரை தரம் போடுவார். 6 முதல் 15 வரை இருந்தால் 1+, 16 முதல் 25 வரை இருந்தால் 2+, 50-க்கு மேல் போனால் 4+. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

ஒவ்வொரு முறையும் வெளியே வருமுன் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக நான்கு விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பார்வை அளவு, முன்னறை அணுக்களின் தரம், கண் அழுத்தம், விழித்திரை நடுவில் வீக்கம் உண்டா இல்லையா. 'நல்லா இருக்கு, அடுத்த மாசம் வாங்க' என்பதோடு எழுந்து வந்துவிட்டால், ஊர் மாறும்போதோ மருத்துவர் மாறும்போதோ கையில் எதுவும் இருக்காது.

எந்த வகை என்றும் கேளுங்கள். முன்பக்கம், நடுப்பக்கம், பின்பக்கம், முழுக்கண் என நான்கு உண்டு. எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதும் முக்கியம். மூன்று மாதத்துக்குள் முடிந்தால் ஒரு கணக்கு. மருந்தை நிறுத்திய மூன்று மாதத்துக்குள் திரும்ப வந்தால் அது நாள்பட்ட வகையில் சேரும், சிகிச்சைத் திட்டமே வேறாகும்.

5. காரணம் தேடும் சோதனைகள்

முதல் முறை வந்தது, ஒரே கண், முன்பக்கம் மட்டும், லேசானது, உடம்பில் வேறு தொந்தரவு இல்லை என்றால் பல மருத்துவர்கள் பெரிய சோதனைகள் எழுத மாட்டார்கள். அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். திரும்ப வந்தாலோ, இரண்டு கண்ணிலும் இருந்தாலோ, பின்பக்கம் பாதித்தாலோ காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

வழக்கமாக எழுதுவது: ரத்த அணுக்களின் எண்ணிக்கை, உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, காசநோய்க்கான சோதனை, சிபிலிஸ் சோதனை, மார்பு எக்ஸ்ரே. கடைசி இரண்டைப் பார்த்துச் சங்கடப்படவோ தட்டிக்கழிக்கவோ வேண்டாம். சிபிலிஸ் எந்த வகை யுவைடிஸ் வேடத்திலும் வரும், குணப்படுத்தவும் முடியும். எக்ஸ்ரே காசநோயையும், நுரையீரல் போன்ற உறுப்புகளில் அழற்சி முடிச்சுகள் உண்டாகும் சார்காய்டோசிஸையும் தேடுவதற்கு.

முன்பக்க யுவைடிஸ் திடீர் திடீரென்று, ஒரு முறை இந்தக் கண், அடுத்த முறை அந்தக் கண் என்று வந்தால் எச்எல்ஏ-பி27 பார்ப்பார்கள். இந்த மரபணு நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிடமும் உண்டு, ஆகவே பாசிட்டிவ் என்றதும் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் காலையில் எழும்போது கீழ்முதுகு விறைத்து, நடக்க நடக்கச் சரியாகிறதா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியென்றால் முடக்குவாத மருத்துவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். கண் மருத்துவரிடம் போய் முதுகுவலியைச் சொல்வானேன் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வாய்ப்புண் அடிக்கடி வருவது, தோலில் தடிப்பு, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, காதில் இரைச்சல், கை கால் மரத்துப்போவது என எல்லாவற்றையும் சொல்லுங்கள். காரணம் கண்டுபிடிப்பதில் ரத்தச் சோதனைக்கு ஈடாக இந்தப் பேச்சும் உதவும்.

எவ்வளவு தேடியும் கணிசமானவர்களுக்குக் காரணம் கிடைக்காது. அதற்காக அதே சோதனைகளை இடம் மாற்றி மாற்றிச் செய்து பணத்தைக் கரைக்காதீர்கள். கிருமியால் வந்ததில்லை என்று உறுதியானதும் சிகிச்சையைத் தொடங்கலாம்.

விழித்திரையைப் பார்க்க ஓசிடி ஸ்கேன் எடுப்பார்கள். சில நிமிடம்தான், ஊசி கிடையாது. சாயம் ஏற்றிப் படம் எடுக்கும் ஆஞ்சியோகிராம் வேறு. கை நரம்பில் சாயம் ஏற்றுவார்கள், அதற்குப் பிறகு ஒரு நாள் போலச் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும், தோலும் சற்று மஞ்சளாகத் தெரியலாம். ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்ல வேண்டும்.

6. சொட்டு மருந்து: அதிகம் பேர் சறுக்கும் இடம்

பொதுவாக இரண்டு குப்பி கொடுப்பார்கள். ஒன்று ஸ்டீராய்டு, பெரும்பாலும் பிரெட்னிசோலோன் அசிடேட் 1%. இன்னொன்று பாப்பாவை விரித்து வைக்கும் அட்ரோபின், ஹோமாட்ரோபின் வகை. இரண்டாவதை விட்டால் கிட்டப் பார்வை மங்குகிறது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது வலியைக் குறைப்பதோடு, பாப்பாவின் விளிம்பு பின்னாலுள்ள லென்ஸோடு ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது. ஒட்டிக்கொண்டால் பிரிப்பது கடினம், கண் அழுத்தம் ஏறவும் அது வழி. மங்கலைப் பொறுத்துக்கொண்டு, சொன்ன நாள் வரை விடுங்கள்.

பிரெட்னிசோலோன் அசிடேட் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாக மண்டி படிந்திருக்கும். மருந்தே அதுதான். குலுக்காமல் விட்டால் மேலே நிற்கும் தண்ணீர்தான் கண்ணுக்குள் போகும், அடியில் கிடப்பது குப்பியிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். கீழிமையை இழுத்து ஒரு சொட்டு, அப்புறம் கண்ணை மூடி, மூக்கோரம் உள்ள கண்முனையை ஒன்றிரண்டு நிமிடம் விரலால் அழுத்துங்கள். தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்துக்கு நடுவே 5 நிமிடம் விடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் நோய் அடங்கும்வரை வேண்டாம்.

தொடக்கத்தில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு சொட்டு என்று எழுதலாம். 5 மில்லி குப்பியில் ஏறத்தாழ 100 சொட்டு இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு குப்பி ஒரு வாரத்தைத் தாண்டாது. விடுமுறை நாளில் நடுவழியில் தீர்ந்துபோகாமல் இரண்டாவது குப்பியை முதலிலேயே வாங்கி வையுங்கள். குப்பியைத் திறந்த தேதியை மேலேயே எழுதுங்கள், நாலு வாரம் கழிந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

குறைக்கும் அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள். எடுத்துக்காட்டாக: மணிக்கொரு முறை ஒரு வாரம், பிறகு நாளைக்கு 6, அப்புறம் 4, 3, 2, 1 என்று வாரத்துக்கு ஒரு படி. உங்களுடையது இதைவிட மெதுவாகவும் இருக்கலாம். தேதிகளை நாட்காட்டியில் குறித்து, ஒட்டி வையுங்கள். வலி போனது என்று நாலாம் நாளே சட்டென்று நிறுத்தினால் அழற்சி முன்பைவிட வேகமாகத் திரும்பும்.

மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டை அடுத்த முறை கண் சிவக்கும்போது நீங்களாகக் கண்ணில் விடாதீர்கள். ஹெர்பிஸ் வைரஸால் கருவிழியில் புண் வந்திருந்தால் வெளியிலிருந்து பார்க்க அதுவும் சிவப்பு, கூச்சம், மங்கல்தான். அதன்மேல் ஸ்டீராய்டு மட்டும் விழுந்தால் புண் ஆழமாகிக் கருவிழியே கெடும்.

7. கண் அழுத்தத்தை மறக்காதீர்கள்

ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். பெரும்பாலும் சில வாரங்கள் விட்ட பிறகுதான் ஏறும், உணரவே முடியாது. வழக்கமான அளவு 10 முதல் 21 எம்எம்எச்ஜி. ஸ்டீராய்டு விடும் காலம் முழுக்க ஒவ்வொரு சந்திப்பிலும் அளக்கச் சொல்லுங்கள். ஏறினால் அழுத்தம் குறைக்கும் சொட்டு சேர்ப்பார்கள். அதற்குப் பயந்து நீங்களாக ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது. அழற்சியாலும் கண் கெடும்.

நீண்டகாலம் ஸ்டீராய்டு விட்டால் கண்புரையும் சீக்கிரம் வரும், அழற்சியாலும் வரும். அறுவை சிகிச்சைக்கு அவசரமில்லை என்றால் கண் குறைந்தது 3 மாதமாவது முழு அமைதியில் இருந்த பிறகே தேதி வாங்குங்கள்.

8. மாத்திரையும் ஊசியும்

பின்பக்கம் பாதித்தாலும், சொட்டை நிறுத்தவே முடியாவிட்டாலும் பிரெட்னிசோலோன் மாத்திரை வரும். காலையில், சாப்பிட்டதும் போடுங்கள். ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறுகிறதா என்று பாருங்கள். வாரக்கணக்கில் சாப்பிட்ட பிறகு திடீரென்று நிறுத்தினால் உடல் தன் ஸ்டீராய்டைச் சுரக்கத் தடுமாறும், அது உயிருக்கே ஆபத்து. மூன்று மாதத்துக்குள் நாளொன்றுக்கு 7.5 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவர முடியவில்லை என்றால் 'ஸ்டீராய்டுக்கு மாற்று மருந்து தொடங்கலாமா' என்று நீங்களே கேளுங்கள்.

மாற்றில் அதிகம் கொடுப்பது மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டுவிட்டால் உயிருக்கு ஆபத்து. கிழமையைச் சீட்டில் எழுதச் சொல்லி, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். கூடவே ஃபோலிக் அமிலம் தருவார்கள். முழுப் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகும். ஒரு மாதத்தில் கேட்கவில்லை என்று கைவிடாதீர்கள். கல்லீரல், ரத்த அணுச் சோதனைகளைத் தவறாமல் செய்ய வேண்டும். மது கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். மெத்தோட்ரெக்சேட், இன்னொரு மாற்று மருந்தான மைக்கோஃபீனலேட் இரண்டும் கருவைப் பாதிக்கும்.

அதற்கும் கேட்காவிட்டால், உடலின் நோய் எதிர்ப்பை அடக்கி அழற்சியைத் தணிக்கும் உயிரியல் மருந்தான அடாலிமுமாப் ஊசி. கிருமியால் வராத நடு, பின், முழுக்கண் யுவைடிஸுக்கு 2016-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. பெரியவர்களுக்கு முதல் தவணை முடிந்ததும் பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம். தொடங்குமுன் காசநோய், ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம், ஏனென்றால் உறங்கிக்கிடக்கும் கிருமியை இது எழுப்பிவிடும். ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. கை கால் மரத்துப்போகும் தொந்தரவு இருந்திருந்தால் மறைக்காதீர்கள். நரம்புகளின் மேலுறை கெடும் மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் நோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசி ஆகாது.

இந்த மருந்துகள் நடக்கும்போது உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும். போட வேண்டியவை இருந்தால் தொடங்கும் முன்பே முடியுமா என்று பேசுங்கள். புகை பிடிப்பவர்கள் அதை விட்டே ஆக வேண்டும்.

9. கோப்பும் செலவும்

ஒரே கோப்பு வையுங்கள். முதல் பக்கத்தில் ஒரு அட்டவணை: தேதி, பார்வை, அணுத் தரம், அழுத்தம், மருந்து அளவு. அதன் பின்னால் எச்எல்ஏ-பி27, காசநோய், ஹெபடைடிஸ் முடிவுகள், எக்ஸ்ரே, ஓசிடி படங்கள். ஓசிடியை வெறும் அறிக்கையாக வாங்காமல் படத்தோடு வாங்குங்கள். அடுத்த மருத்துவர் பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் வீக்கம் கூடியதா குறைந்ததா என்பார். கூடுமானவரை ஒரே இயந்திரத்தில் எடுப்பது நல்லது. எச்எல்ஏ-பி27 மரபணுச் சோதனை, வாழ்நாளில் ஒருமுறை போதும். முடிவைத் தொலைத்தால் மறுபடி பணம் கட்ட வேண்டும்.

செலவில் சொட்டுகள் சிறிய பகுதிதான். ஓசிடி, ஆஞ்சியோகிராம், மாதாந்தர ரத்தச் சோதனை, வேலைக்குப் போகாத நாட்கள் ஆகியவை சேர்ந்துதான் கனக்கும். எல்லாவற்றுக்கும் மேலே உயிரியல் ஊசி. கையில் பணம் குறைவு என்றால் மறைக்காமல் 'எந்தச் சோதனையின் முடிவு சிகிச்சையை மாற்றும்? அதை முதலில் செய்யலாமா?' என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் வரிசைப்படுத்தித் தருவார். அடாலிமுமாப்புக்கு விலை குறைந்த பயோசிமிலர் வகைகள் (மூல மருந்தைப் போலவே வேறு நிறுவனங்கள் தயாரிப்பவை) உண்டு, அதையும் கேளுங்கள்.

காப்பீடு இருந்தால் வெளிநோயாளிச் செலவும் சொட்டு மருந்தும் அதில் அடங்குமா என்று முன்கூட்டியே பாருங்கள். ஊசிக்கு முன் அனுமதி கேட்பார்கள். மருத்துவரின் கடிதத்தில் யுவைடிஸின் வகை, இதுவரை கொடுத்த மருந்துகள், ஒவ்வொன்றும் எத்தனை மாதம், ஏன் போதவில்லை என்ற நான்கும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலே விண்ணப்பம் திரும்பி வரும், அதற்குள் ஒரு தவணை தப்பிப்போகும். புதிய காப்பீடு எடுக்கும்போது இந்த நோயை மறைக்காமல் எழுதுங்கள்.

10. திரும்ப வரும்போது

கண் அமைதியாக இருக்கும்போதே மருத்துவரிடம் ஒரு திட்டம் கேட்டு எழுதி வாங்குங்கள்: எந்த அறிகுறிக்கு எத்தனை மணி நேரத்துக்குள் வர வேண்டும், யாரை அழைப்பது, விடுமுறை நாளில் எங்கே போவது, வருவதற்குள் ஏதாவது சொட்டு தொடங்கலாமா கூடாதா. அவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் சொட்டைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் போகும்போது அந்தக் காகிதத்தின் படம் கைபேசியில் இருக்கட்டும்.

பின்பக்கம் பாதிக்கப்பட்டவர்கள் ஆம்ஸ்லர் கட்டம் எனப்படும் கோட்டுத்தாளை வீட்டில் ஒட்டி வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கலாம். கோடு வளைந்தால் அதே நாளில் அழையுங்கள். மருந்தெல்லாம் நின்ற பிறகும், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், அடுத்த பரிசோதனைக்கு ஒரு தேதி இல்லாமல் மருத்துவமனையை விட்டு வராதீர்கள்.